250 சிசிக்குள் 45 குதிரைகள்: வேகமாகச் சுழலும் பழைய சிறு பைக்குகளைப் புரிந்துகொள்ள

பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகள் தவறாமல் வந்து விழுகின்றன. "வெறும் 250 சிசிதானே, அதில் என்ன இருக்கப்போகிறது?" என்பது ஒன்று. "எல்லாம் சத்தம்தான், கீழே இழுவையே கிடையாது" என்பது மற்றொன்று. இவற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நன்றாக பைக் ஓட்டத் தெரிந்தவர்கள். ஆனால் சிசி, டார்க், குதிரைத்திறன், ஆர்பிஎம் என்ற நான்கு சொற்களும் பேச்சில் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் 1960-களிலிருந்து 1990-கள் வரை ஜப்பானும் இத்தாலியும் உருவாக்கிய மிக அருமையான எஞ்சின்கள் சில, புரிந்துகொள்ளப்படாமலேயே ஓரங்கட்டப்படுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. இயந்திரவியல் படிக்காதவருக்கும் இந்த எஞ்சின்களின் உள்விஷயம் புரியும். புரிந்தபின், அவற்றை விரும்புகிறவர்கள் ஏன் அப்படி விரும்புகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு பைக்கைக் கையில் வைத்துக்கொள்வோம். ஹோண்டா 1990-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த சிபிஆர்250ஆர்ஆர். 249 சிசி, நான்கு சிலிண்டர்கள், 15,000 ஆர்பிஎம்மில் 45 குதிரைத்திறன். அதற்கு மேலும் 18,000 வரை தயங்காமல் சுழலும். சாலையில் ஓடுவதற்காகக் கடையில் விற்கப்பட்ட வண்டி இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான்கு சொற்கள்

சிசி என்பது கொள்ளளவு. சிலிண்டருக்குள் பிஸ்டன் அடியிலிருந்து உச்சிவரை கடக்கும் இடத்தின் அளவைக் கன சென்டிமீட்டரில் சொல்கிறோம். எத்தனை சிலிண்டர்கள் இருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டிய தொகைதான் எஞ்சினின் சிசி.

ஆர்பிஎம் என்பது எஞ்சினின் தண்டு, அதாவது கிராங்க், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்ணிக்கை. இது வண்டியின் வேகம் அல்ல. நின்ற இடத்திலேயே 10,000 ஆர்பிஎம் சுற்றலாம். நெடுஞ்சாலையில் விரைந்துகொண்டிருக்கும் பெரிய வண்டி 4,000-இல் அமைதியாக ஓடலாம்.

டார்க் என்பது அந்தத் தண்டை முறுக்கும் விசை. நியூட்டன் மீட்டர் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒவ்வொரு எரிப்பும் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதை இது காட்டும்.

குதிரைத்திறன் என்பது அந்த விசை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதன் அளவு. டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி, ஒரு நிலையான எண்ணால் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். இந்தக் கட்டுரையின் அச்சாணியே இந்தப் பெருக்கல்தான். பெருக்கலில் ஒரு எண் சிறியதாக இருந்தால் மற்றதைப் பெரியதாக்கி ஈடுகட்ட முடியும்.

சிறிய பாத்திரம், அதிக நடை

எஞ்சினில் எரிவது பெட்ரோல் என்றாலும், அதன் பலத்துக்கு எல்லை வகுப்பது காற்று. ஒரு குறிப்பிட்ட அளவு காற்றுடன் ஒரு குறிப்பிட்ட அளவு பெட்ரோல்தான் ஒழுங்காக எரியும். பெட்ரோலை வேண்டிய மட்டும் ஊற்றிவிடலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஆகவே ஒரு எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி என்று கேட்பது, ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றை உள்ளிழுக்க முடியும் என்று கேட்பதற்குச் சமம்.

கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துத் தொட்டியை நிரப்பும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் பெரிய குடம். மற்றவரிடம் அதில் பாதி கொள்ளும் சிறு குடம். இரண்டாமவர் இருமடங்கு நடை நடந்தால் தொட்டி ஒரே நேரத்தில் நிரம்பும். தொட்டியைப் பார்ப்பவருக்கு எந்தக் குடத்தில் வந்த தண்ணீர் என்று தெரியாது.

கணக்கும் அதையே சொல்கிறது. இங்கே பேசும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் (பிஸ்டனின் நான்கு ஓட்டங்களுக்கு ஒருமுறை எரிவது), தண்டு இருமுறை சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை காற்றை இழுக்கும். 500 சிசி எஞ்சின் 7,500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,875 லிட்டர் காற்றை இழுக்கலாம். 250 சிசி எஞ்சின் 15,000-இல் சுற்றினால் அதே 1,875 லிட்டர். சிபிஆர்250ஆர்ஆர் 15,000-இல் தரும் டார்க் 21 நியூட்டன் மீட்டர் அளவுதான், கேட்பதற்குச் சிறியது. ஆனால் 7,500-இல் 42 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினும் இதுவும் தரும் குதிரைத்திறன் ஒன்றே.

"ஆனாலும் டார்க் பாதிதானே?" என்று இங்கே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதில் கியர்பெட்டியில் இருக்கிறது. எஞ்சினின் சுழற்சியைக் கியர்கள் குறைத்துத்தான் பின்சக்கரத்துக்கு அனுப்புகின்றன. சுழற்சியை எத்தனை மடங்கு குறைக்கிறோமோ அத்தனை மடங்கு டார்க் கூடும். இருமடங்கு வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு இருமடங்கு குறைக்கும் கியர்களைப் பொருத்தலாம். அப்போது ஒரே வேகத்தில் செல்லும் இரண்டு பைக்குகளின் பின்சக்கரமும் ஒரே விசையில் சாலையைத் தள்ளும். எஞ்சினில் அளந்த டார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு "இழுவை இல்லை" என்று முடிவு கட்டுவது பாதிக் கணக்கு.

இதுவரை பார்த்ததன் சாரம்: சக்தி என்பது நிமிடத்துக்கு எரிக்கும் காற்றின் அளவு. சிறிய எஞ்சின் அதைச் சுழற்சியால் ஈட்டுகிறது. கியர்கள் அந்தச் சுழற்சியை விசையாக மாற்றித் தருகின்றன.

அப்படியானால் எல்லா எஞ்சினையும் ஏன் 18,000 சுற்றவைக்கக் கூடாது?

பிஸ்டன் தாங்காது. அது சுழல்வதில்லை, மேலும் கீழும் ஓடுகிறது. உச்சியில் ஒரு கணம் நின்று, திரும்பி, கீழே விரைந்து, அங்கும் நின்று திரும்புகிறது. அது ஓடும் தூரத்துக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். சிலிண்டரின் விட்டத்துக்கு போர் என்று பெயர். இந்த இரண்டு அளவுகளிலும்தான் ஒரு எஞ்சினின் குணம் எழுதப்பட்டிருக்கிறது.

நம் ஹோண்டாவின் போர் 48.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 33.8 மில்லிமீட்டர். அதாவது உயரத்தைவிட அகலம் மிகுந்த, தட்டையான சிலிண்டர். 18,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 300 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் போகிறது. பெருக்கிப் பார்த்தால் அதன் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர் சொச்சம். இப்போது 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கொண்ட பழைய பாணி 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஸ்டன் இதே சராசரி வேகத்தை 6,800 ஆர்பிஎம்மிலேயே எட்டிவிடும். ஆகவே 18,000 என்ற எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. பிஸ்டனின் கோணத்திலிருந்து பார்த்தால், அந்தச் சிறிய எஞ்சின் 18,000-இல் ஓடுவதும் பெரிய ஒற்றைச் சிலிண்டர் 6,800-இல் ஓடுவதும் ஒரே சராசரி வேகம். "இவ்வளவு சுற்றினால் வெடித்துவிடாதா?" என்று கேட்பவர்கள் பெரிய எஞ்சினின் அளவுகோலை வைத்து இதை அளக்கிறார்கள்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் சிறிய எஞ்சினுக்கே சுமை அதிகம். நின்று திரும்பும் அந்த முனைகளில் பிஸ்டன் படும் முடுக்கம், ஸ்ட்ரோக்குடன் நேராகவும் ஆர்பிஎம்முடன் இருமடியாகவும் கூடுகிறது. 18,000-இல் அது புவியீர்ப்பைப் போல 6,000 மடங்குக்கும் மேல். ஒரு கிராம் எடை, ஆறு கிலோவாக இழுக்கும். அதனால்தான் இந்த எஞ்சின்களின் பிஸ்டன்களைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் வியந்துபோகிறார்கள். அவ்வளவு குட்டையாக, மெல்லியதாக, தேவையற்ற உலோகம் எதுவுமின்றிச் செதுக்கப்பட்டிருக்கும்.

நான்காகப் பிரித்ததன் லாபம்

ஒரே கொள்ளளவைப் பல சிலிண்டர்களாகப் பிரித்தால் ஒவ்வொரு பிஸ்டனும் சிறுத்து இலேசாகிறது, ஸ்ட்ரோக்கும் குறைகிறது. இது எளிதில் புரியும். இன்னொரு லாபமும் உண்டு. அதுதான் பலரும் அறியாதது.

1960-களின் டுகாட்டி 250 ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் போர் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 57.8. அதன் பிஸ்டன் தலையின் பரப்பு 43 சதுர சென்டிமீட்டர். ஹோண்டாவின் நான்கு பிஸ்டன்களின் பரப்பைக் கூட்டினால் 74 சதுர சென்டிமீட்டர் வருகிறது. இரண்டும் 250 சிசி வகுப்பு. ஆனால் ஒன்றின் மேற்பரப்பு மற்றதைப்போல 1.7 மடங்கு. மேற்பரப்பு பெரியதானால் அங்கே வால்வுகளுக்கு இடம் பெரியது. வால்வுக்கு இடம் பெரியதானால் காற்று நுழையும் வாய் பெரியது. நம் குடத்தின் கணக்கில் சொன்னால், கொள்ளளவு மாறாமல் கழுத்து மட்டும் அகன்றுவிட்டது. முக்கியெடுக்கும் நேரம் குறைந்தால்தானே நடையைக் கூட்டி வேகமாக நடப்பதில் பயன் இருக்கும்?

அகன்ற வாய், குட்டையான ஓட்டம், இலேசான பிஸ்டன் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து வந்தால்தான் உயர்ந்த சுழற்சி சாத்தியம். ஒன்றை மட்டும் செய்துவிட்டு எஞ்சினை விரட்டினால் அது உடையும், அல்லது மூச்சுத் திணறும்.

வால்வுதான் கடைசிக் கதவு

பிஸ்டன் தாங்கினாலும் வால்வு தாங்க வேண்டும். காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே தள்ளவும் திறந்து மூடும் சிறு உலோகக் கதவுகளே வால்வுகள். சுழலும் தண்டு ஒன்றில் உள்ள, கேம் என்ற முட்டை வடிவப் புடைப்பு அவற்றைத் தள்ளித் திறக்கும்; ஒரு ஸ்பிரிங் இழுத்து மூடும். 18,000-இல் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 150 முறை திறந்து மூட வேண்டும்.

திறப்பதில் சிக்கல் இல்லை, கேம் தள்ளிவிடும். மூடுவதற்கு ஸ்பிரிங்கை மட்டுமே நம்பியிருக்கிறோம். ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் ஸ்பிரிங்கின் வேகம் போதாமல், வால்வு கேமைப் பின்தொடராமல் அந்தரத்தில் நின்றுவிடும். இதை வால்வு மிதப்பு என்பார்கள். அப்போது சக்தி குறையும். மேலே வரும் பிஸ்டன் மூடாத வால்வின்மேல் மோதினால் எஞ்சினே போய்விடும்.

இதற்கு இரண்டு நாடுகள் இரண்டு வழிகளைத் தேர்ந்தெடுத்தன. இத்தாலியில் டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ டாலியோனி, மூடும் வேலையையும் இன்னொரு கேமிடமே கொடுத்துவிட்டார். திறப்பதற்கு ஒரு கேம், மூடுவதற்கு ஒரு கேம். டெஸ்மோட்ரோமிக் என்று இதற்குப் பெயர். அவருடைய 125 சிசி பந்தய டெஸ்மோ 1956-இல் ஸ்வீடன் கிராண்ட் பிரீயில் முதல் தோற்றத்திலேயே வென்றது. ஜப்பானியர்கள் ஸ்பிரிங்கை விடவில்லை, வால்வைச் சிறிதாக்கினார்கள். சிலிண்டருக்கு இரண்டு பெரிய வால்வுகளுக்குப் பதில் நான்கு சிறிய வால்வுகள். ஒவ்வொன்றும் இலேசானது என்பதால் சாதாரண ஸ்பிரிங்கே அதைக் கட்டுப்படுத்திவிடும். 250 சிசிக்குள் 16 வால்வுகள் இப்படித்தான் வந்தன. சிபிஆர்250ஆர்ஆரில் கேம்களைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதில் பற்சக்கரங்களை வரிசையாகப் பொருத்தினார்கள். அவ்வளவு சுழற்சியில் சங்கிலி நீளும், அதிரும். பற்சக்கரம் நேரம் தவறாது. செலவு மிக அதிகமான வழி அது. இன்று அந்த விலையுள்ள சாலை பைக்கில் அதை யாரும் செய்யமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கீழே ஏன் உயிரில்லை?

இப்போது அந்தப் பழைய குற்றச்சாட்டுக்கு வருவோம். 4,000 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சின்கள் மந்தமாக இருப்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. காரணம் தெரிந்தால் போதும்.

காற்றுக்கும் எடை உண்டு. ஓடத் தொடங்கிய காற்று உடனே நிற்காது. உயர்ந்த சுழற்சியில் உள்நோக்கி விரையும் காற்று, பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் தன் வேகத்தாலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே புகும். அந்த இலவசக் காற்றை விட்டுவிடக் கூடாது என்பதற்காக வால்வைத் தாமதமாக மூடும்படி கேமை வடிவமைக்கிறார்கள். அதேபோல், புகை வெளியேறும் வேகம் புதுக் காற்றை இழுத்துத் தரும் என்பதால், இரண்டு வகை வால்வுகளும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும்படி விடுகிறார்கள்.

சுழற்சி குறைந்தால் இதே ஏற்பாடு எதிராகத் திரும்புகிறது. காற்றுக்கு வேகம் இல்லை. வால்வு இன்னும் மூடவில்லை. மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்ததில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. சிலிண்டர் முழுதாக நிரம்பாமலேயே எரிகிறது. ஓட்டுபவருக்கு அது மந்தமாகத் தெரிகிறது. ஆர்பிஎம் மீட்டரின் முள் ஏறி, காற்றின் வேகமும் வால்வின் நேரமும் ஒத்துப்போகும் கட்டத்துக்கு வந்தவுடன், எஞ்சின் திடீரென்று விழித்துக்கொள்கிறது. அந்த விழிப்பிலிருந்து உச்சம்வரை உள்ள பகுதிக்குத்தான் பவர்பேண்ட் என்று பெயர்.

ஒரே கேம் வடிவம் எல்லாச் சுழற்சிக்கும் பொருந்தாது. கீழே இனிமையாக இழுக்கும் எஞ்சின் மேலே மூச்சடைக்கும். மேலே பறக்கும் எஞ்சின் கீழே சோம்பும். வடிவமைப்பாளர் எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்க வேண்டும். இந்தப் பைக்குகளை உருவாக்கியவர்கள் ஊசலாடாமல் மேற்பக்கம் சாய்ந்தார்கள். அதைக் குறைபாடு என்று சொல்வது, அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவைத் தவறு என்று சொல்வது ஆகும்.

சுருக்கமாக: ஸ்ட்ரோக் குறைந்ததால் பிஸ்டன் தாங்குகிறது, வால்வுகள் இலேசானதால் நேரம் தவறவில்லை, கேம் உயர்ந்த சுழற்சிக்காக வெட்டப்பட்டதால் கீழே மந்தம், மேலே பாய்ச்சல்.

இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகளும் இதே உணர்வைத் தருவதால் இரண்டையும் ஒன்றாகப் பேசுபவர்கள் உண்டு. சுசூகி ஆர்ஜி250 காமா, யமஹா டிஇசட்ஆர்250, ஹோண்டா என்எஸ்ஆர்250ஆர் போன்றவை அற்புதமான வண்டிகளே. ஆனால் அவற்றில் வால்வு நேரம் என்ற இந்த ஏற்பாடு கிடையாது. திடீர்ப் பாய்ச்சலுக்குக் காரணம் வயிறு பெருத்த சைலன்சர் குழாயில் எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலைகள். சுழற்சியும் இவ்வளவு மேலே போகாது. அது தனியாகச் சொல்ல வேண்டிய கதை.

பந்தயத்தில் பிறந்த பழக்கம்

1959-இல் ஹோண்டா முதன்முறையாக ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்துக்கு 125 சிசி வண்டிகளுடன் போனது. அதே ஆண்டு சாலைக்கு வந்த சிபி92 என்ற 125 சிசி பைக், 10,500 ஆர்பிஎம்மில் 15 குதிரைத்திறன் தந்தது. அன்றைய பெரிய ஐரோப்பிய ஒற்றைச் சிலிண்டர் பைக்குகள் இதில் ஏறத்தாழப் பாதிச் சுழற்சியிலேயே தம் உச்சத்தை அடைந்துவிடும்.

பந்தய வகுப்புகள் கொள்ளளவால் பிரிக்கப்பட்டிருந்தன. சிசியைக் கூட்ட முடியாது என்று விதி சொன்னால் கூட்டக்கூடியது சுழற்சி ஒன்றுதான். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் ஒவ்வொரு சுற்றிலும் எரிகின்றன; நான்கு ஸ்ட்ரோக்கையே பிடித்துக்கொண்டிருந்த ஹோண்டா அவற்றோடு போட்டியிட, சிலிண்டர்களைப் பிரித்துக்கொண்டே போனது. 125 சிசிக்கு ஐந்து சிலிண்டர்கள், 20,500 ஆர்பிஎம், 34 குதிரைத்திறன். 1966-இல் லூய்ஜி டவேரி அதில்தான் உலகச் சாம்பியன் ஆனார். 50 சிசிக்கு இரண்டு சிலிண்டர்கள், 21,500 ஆர்பிஎம். 250 சிசிக்கு ஆறு சிலிண்டர்கள்: ஆர்சி166. மைக் ஹெயில்வுட் 1966 பருவத்தில் அந்த வண்டியுடன் கலந்துகொண்ட 10 கிராண்ட் பிரீ பந்தயங்களிலும் வென்றார். ஐந்து, ஆறு சிலிண்டர் எஞ்சின்களை வடிவமைத்த ஷோய்ச்சிரோ இரிமாஜிரி அப்போது இருபதுகளில் இருந்த இளம் பொறியாளர். என் மனத்தில் இந்தத் துறையின் உச்சம் அந்த ஆறு சிலிண்டர்தான். இதில் எனக்குச் சார்பு உண்டு, அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

பவர்பேண்ட் குறுகக் குறுகக் கியர்கள் பெருகின. எஞ்சினை எப்போதும் அந்தக் குறுகிய பகுதிக்குள்ளேயே வைத்திருக்க, ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சிறிதாக இருக்க வேண்டும். 1967-இல் சுசூகியின் இரண்டு ஸ்ட்ரோக் 50 சிசி பந்தய வண்டிக்கு 14 கியர்கள் இருந்தன! பிறகு மோட்டார் சைக்கிள் பந்தயங்களின் உலக அமைப்பு, 50 சிசி வகுப்புக்கு ஒரு சிலிண்டர், ஆறு கியர் என்று எல்லை வகுத்துவிட்டது. ஹோண்டா 1967 முடிவில் பந்தயங்களிலிருந்து விலகியிருந்தது.

சாலைக்கு இறக்கிவிட்டது சட்டம்

பந்தய வண்டியின் குணம் கடையில் விற்கும் பைக்குக்கு வந்ததற்கு ஜப்பானின் சட்டங்களும் காரணம். 1975-இல் அங்கே ஓட்டுநர் உரிம விதிகள் மாறின; நடுத்தர உரிமம் வைத்திருப்பவர் 400 சிசி வரைதான் ஓட்டலாம். அதற்கு மேலுள்ள உரிமத் தேர்வில் தேறுவது மிகக் கடினம். 250 சிசியைத் தாண்டிய வண்டிகளுக்கு ஷாகென் என்ற கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு; 250-க்கு இல்லை. இந்த இரண்டு கோடுகளும் சேர்ந்து, 250, 400 ஆகிய இரண்டு அளவுகளில் மாபெரும் சந்தையை உருவாக்கின. 408 சிசியாகப் பிறந்த ஹோண்டா சிபி400 ஃபோர்கூட அந்தக் கோட்டுக்குள் அடங்குவதற்காக ஜப்பானில் 398 சிசியாகச் சுருக்கப்பட்டது.

1980-களில் ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாஸாகி ஆகிய நான்கு நிறுவனங்களும் அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டே ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. 1983-இல் சுசூகி 250 சிசியில் நான்கு சிலிண்டர் சாலை பைக் கொண்டுவந்தது. 1985-இல் யமஹா எஃப்இசட்250 ஃபேஸர் 45 குதிரைத்திறனைத் தொட்டது. அதுவே 250-க்கான எல்லை என்று நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டன. பிறகு வந்த கவாஸாகி இசட்எக்ஸ்ஆர்250-உம் நம் சிபிஆர்250ஆர்ஆரும் அதே 45-இல் நின்றன. 1990-களில் அந்த எல்லை 40 ஆகக் குறைக்கப்பட்டது. 1996-இல் பெரிய பைக் உரிமத்தை ஓட்டுநர் பள்ளிகளிலேயே பெறலாம் என்று விதி தளர்ந்தது. வாங்குபவர்கள் பெரிய பைக்குகளுக்கு நகர்ந்தார்கள். புகை, ஓசைக் கட்டுப்பாடுகளும் இறுகின. 600 சிசி வண்டிக்குத் தேவைப்படும் அத்தனை பாகங்களையும் 250-க்குச் செய்து மலிவாக விற்பது இனி கட்டுப்படியாகவில்லை. 2020-இல் இந்தோனேசியாவில் அறிமுகமான கவாஸாகி இசட்எக்ஸ்-25ஆர் வரை நான்கு சிலிண்டர் 250-க்குப் புதிய வாரிசு பிறக்கவில்லை.

ஓட்டும்போது என்ன நடக்கிறது?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இன்றைய 1000 சிசி பைக்கில் 200 குதிரைத்திறன் இருக்கும்போது 45-இல் என்ன இன்பம்?

அந்த 1000 சிசி பைக், முதல் கியரிலேயே 100 கிலோமீட்டர் வேகத்தை எளிதாகத் தாண்டிவிடும். பொதுச் சாலையில் ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்தால் சில நொடிகளில் மூட வேண்டியதுதான். எஞ்சினின் மேல்பாதியை உரிமையாளர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. சிறிய எஞ்சின் பைக்கில் ஆக்ஸிலேட்டரை அதன் எல்லைவரை திருகலாம். முள்ளை உச்சிக்கு விடலாம். கிளட்சைத் தொட்டுக் கியர் மாற்றி மீண்டும் உச்சிக்கு விடலாம். இத்தனையும் செய்தபின் வண்டி நியாயமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும்.

அதிலும் பெரிய விஷயம், இந்த எஞ்சின் ஓட்டுபவரிடம் வேலை வாங்குகிறது. வளைவு வருகிறது, எந்தக் கியரில் நுழைந்தால் வெளியேறும்போது முள் 12,000-க்கு மேல் நிற்கும் என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். ஒரு கியர் தவறினால் எஞ்சின் தூங்கிவிடும்; பிக்கப் திரும்ப வருவதற்குள் நேரம் போய்விடும். வேகத்தை இழந்தால் மீட்பது கடினம் என்பதால் தேவையின்றிப் பிரேக் பிடிக்காமல், வளைவுக்குள் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்கிறீர்கள். 150 கிலோவை ஒட்டிய எடை, ஒல்லியான டயர்கள், குறுகிய உடல் எல்லாம் அதற்கு ஒத்துழைக்கின்றன. பெரிய எஞ்சின், வளைவில் செய்த பிழையை நேர்கோட்டில் மறைத்துவிடும். சிறிய எஞ்சின் மறைக்காது. ஓட்டுவதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நேர்மையான வண்டி கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

தினமும் நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போகிறவருக்கு இது ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே எஞ்சின் எப்போதும் தன் பவர்பேண்டுக்குக் கீழேயே கிடக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மலையேறுவதும் சலிப்பூட்டும்.

அந்த ஓசை

சத்தத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 முறை எரிகிறது. தனித்தனி அடிகள் அடிவயிற்றில் கேட்கும். நான்கு சிலிண்டர் 250, 18,000-இல் நொடிக்கு 600 முறை எரிகிறது. காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் ஒரே ஸ்வரமாகக் கேட்கிறது. 9,000-இலிருந்து 18,000-க்கு முள் ஏறும்போது எரிப்பின் எண்ணிக்கை இருமடங்காகிறது. இசையில் சொன்னால் ஸ்ருதி சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகிறது. கேட்பவரின் உடல் சிலிர்ப்பதற்கு இதுவே காரணம். ஓசை கூடுவதோடு, தாரஸ்தாயியை நோக்கி இடைவெளியின்றி ஏறிக்கொண்டே போகிறது. பற்சக்கரக் கேம்களின் ரீங்காரம் அதற்கு அடியில் இழையோடும். சைலன்சரை வெட்டிச் சத்தத்தை மட்டும் பெருக்குபவர்கள் இந்த ஸ்ருதியைத்தான் கெடுக்கிறார்கள். பெரும்பாலும் சக்தியையும் சேர்த்து.

பழையது ஒன்றை வாங்க நினைத்தால்

முதலில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லுங்கள். நான்கு சிறு கார்புரேட்டர்களில் ஒன்று அடைத்திருந்தாலும் ஐட்லிங் தடுமாறும். நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் உலர்ந்து நுண்துளைகளை அடைத்திருக்கும். நான்கையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரே அளவு இழுக்கும்படி ஒத்திசைக்க வேண்டியிருக்கும். பொறுமையுள்ள மெக்கானிக் தேவைப்படும் வேலை. வால்வு இடைவெளியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். 16 வால்வுகளையும் அளப்பது நேரம் பிடிக்கும் என்பதால் பலரும் தள்ளிப்போடுவார்கள். எண்ணெய் மாற்றியதற்கான பதிவு இருந்தால் நல்லது. இந்தச் சுழற்சியில் தாங்கிகளை (பேரிங்குகளை) காப்பது எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றுதான். வாங்கிய பிறகு எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை 6,000-க்குமேல் விடாதீர்கள். சூடேறிய பிறகு தயங்காமல் விடுங்கள். எப்போதும் கீழேயே ஓட்டுவதால் இந்த எஞ்சின்களுக்கு ஆயுள் கூடிவிடாது. கரி படிவதுதான் மிச்சம்.

உச்ச எல்லையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நவீனமான 250-களில் எல்லையைத் தாண்டினால் தீப்பொறியைத் துண்டிக்கும் மின்கருவி இருக்கிறது. 1960, 70-களின் வண்டிகளில் அதுவும் இல்லை. இருக்கும் வண்டியிலும் அது காப்பாற்றுவது ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது மட்டுமே. அதிவேகத்தில் போகும்போது தவறுதலாக இரண்டு கியர் கீழே தட்டிவிட்டால், எஞ்சினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, பின்சக்கரம். தீப்பொறியை நிறுத்தினாலும் முள் மீட்டரின் சிவப்பு எல்லைக்கோட்டைத் தாண்டும், வால்வு மிதக்கும், பிஸ்டன் அதைச் சந்திக்கும். ஆகவே கியரைக் குறைக்கும்போது ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.